ஈயக் குண்டு

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. மதியம் கடை மாடியில் டிபன் கேரியரைத் திறக்கும்போது கேஷியரையோ பில் போடுகிற பெண்ணையோ கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக்கொள்வேன். அவர்களுக்கு அது தொந்தரவு என்று எனக்குத் தெரியும். முதலாளி கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது என்பதும் தெரியும். இதைச் சொல்வதற்காக உங்களை வரச் சொல்லவில்லை, மஹதி மேடம். எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே என்று சொல்கிறேன்.

ஃபராஸ் விஷயமாகக் கமிட்டியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, "யாருன்னு நான் கேக்கலை, செஞ்சவாளே வந்து சொல்லிடுங்கோ" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்னு புரியறது சார்" என்றீர்கள். நீங்கள் வக்கீல், எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்தவர். உங்களுக்கே என் மேல் சந்தேகம் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் தலைவராக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதனால் பழைய வழக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகளுக்கு நடுவே பெயர்ப் பலகைகூட இல்லாமல் இருக்கிற நம் துப்பாக்கி சுடும் கிளப்பில், பணத்தைக் கட்டிவிட்டு யாரும் உள்ளே வந்துவிட முடியாது. ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் ஆன பிறகு, கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு, வீட்டு ஆட்களோடு பேசிவிட்டு வருவார்கள். பெண் பார்க்கப் போவது என்று நாங்கள் கேலி செய்வோம். அப்புறம் நேர்காணல். கடைசியாகத்தான் அந்தத் தேக்குப் பெட்டி.

ஆளுக்கு ஒரு பித்தளைத் தோட்டாக்கூடும் ஓர் ஈயக் குண்டும் கொடுப்பார்கள். பெட்டியை மூடியிருக்கிற கறுப்புத் துணிக்குள் கையை விட்டு, ஒன்றை ஓட்டு அறையிலும் மற்றதைப் பக்கத்தில் வேண்டாதது போடுகிற அறையிலும் போட வேண்டும். பித்தளை என்றால் சம்மதம், ஈயம் என்றால் மறுப்பு. சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்க உள்ளே கம்பளித் துணி ஒட்டியிருக்கும். ஓட்டு அறையில் ஒரே ஓர் ஈயக் குண்டு விழுந்தால் போதும், வந்தவர் வெளியே. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. அடுத்த வருடம் மறுபடியும் முயற்சி செய்யலாம், ஆனால் முதலில் முன்மொழிந்தவரேதான் மறுபடியும் முன்மொழிய வேண்டும். கிளப்பை ஆரம்பித்தவர்கள் மரியாதைக்காரர்கள். நண்பர்களுக்குள் சண்டை வரக் கூடாது என்று இவ்வளவையும் யோசித்து வைத்தார்கள். முன்மொழிந்தவனே ஈயக் குண்டைப் போடுவான் என்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

ஃபராஸை நான் பெசன்ட் நகர் கடற்கரையில்தான் பார்த்தேன். என் மனைவி புஷ்பம் இறந்த வருடம் அது. மகன் ஹரி அதற்கு முன்பே கனடா போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அங்கே போய் உட்காருவேன். பலூன் சுடுகிற கடையில் ஒரு பையன் வரிசையாகச் சுட்டுக்கொண்டே வந்தான். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"போதும் நைனா, போ. என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாத."

"உன் துப்பாக்கி எடது பக்கம் இழுக்குதுண்ணே. அத்தொட்டு கொஞ்சம் தள்ளி வச்சி சுடறேன், அவ்ளோதான்" என்றான் பையன்.

கிட்டே போனதும் அடையாளம் தெரிந்தது. நம் கடைக்கு ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்து தருகிற ஹபீபுர் ரஹ்மானின் மகன். அப்பாவோடு பார்சல் எடுத்து வருவான். பல வருடப் பழக்கம்தான். ஆனாலும் ராயப்பேட்டையில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. வேலை கொடுப்பவன் வேலை செய்பவன் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று இருந்திருப்பேன்.

ஹரிக்கு வாங்கி, அவன் சில மாதம் சுட்டுவிட்டுப் போட்டுப் போன ஏர் ரைஃபிள் என்னிடம் சும்மா கிடந்தது. அடுத்த ஞாயிறு ஃபராஸைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போனேன். உறுப்பினர் கூடவே இருந்தால் விருந்தாளி சுடலாம் என்று ஒரு விதி உண்டு. அவன் சுட்ட அட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்து லேனில் இருந்தவர்கள் தங்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி என் முதுகில் தட்டினார்கள். பொய் சொல்லவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹரி சுட்டபோது யாரும் எழுந்து வந்ததில்லை.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் காலையில் ராயப்பேட்டை, அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கல், திரும்பும்போது வழியில் எங்காவது டிபன். கார் முழுக்க அவன் பேச்சுத்தான். மூச்சை எங்கே நிறுத்தினான், எந்தக் குண்டு ஏன் விலகியது, தங்கச்சி சிம்ரா பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள், எல்லாம் சொல்வான். வாரம் முழுக்க நான் அந்த ஒரு காலைக்காகத்தான் கடையைத் திறந்து மூடினேன்.

மாநிலப் போட்டியில் கலந்துகொள்ள, ஏதாவது ஒரு கிளப்பில் அவன் உறுப்பினராக இருந்தாக வேண்டும். அந்த வயதில் ஒரு பதக்கம் வாங்கிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. ஹபீப் பாய்க்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச வருடத்தில் ஊசி கோக்க முடியாது. அதனால் அந்த வீட்டுக்கு இது விளையாட்டு இல்லை, சோறு. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமே இல்லை.

நான் முன்மொழிந்தேன். நேர்காணலில் சுரேஷ்குமார் சார் அவனிடம் கேள்வி கேட்டார். அவரை உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது. கஸ்டம்ஸில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர், அடையாறுக்காரர். பேச்சில் எண்ணெயே கிடையாது.

"துப்பாக்கி எதுக்குப்பா உனக்கு? வீட்ல யார் யார் இருக்காங்க? வெளிநாட்ல யாராவது இருக்காங்களா?"

ஃபராஸின் முகம் மாறிவிட்டது. "அட்டையில ஓட்டை போடத்தான் சார்" என்றான். சுரேஷ்குமார் சார் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வெளிநாடு பற்றிய அந்தக் கேள்வி எல்லோருக்கும் உறுத்தியது. அவர் யார் வந்தாலும் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். ஹரியைச் சேர்த்தபோதும் அதே கேள்வி, அதே குரல். அன்று ஹரி பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பெட்டி வந்தது. நான் துணிக்குள் கையை விட்டேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று ஒழுங்காகச் சொல்ல முயற்சி செய்கிறேன். அவன் உறுப்பினர் ஆனால் தனியாக வருவான், எந்தக் கிழமை வேண்டுமானாலும் வருவான். ஆளுக்கொரு பக்கம் அவனைக் கூப்பிடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுகிற ஆட்களில் ஒருவனாகிவிடுவேன். சின்னப் பையன்தானே, பன்னிரண்டாவது பரீட்சை வேறு வருகிறது, ஒரு வருடம் போகட்டும் என்று தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதைத்தான் காரணம் என்று வைத்துக்கொண்டேன். நியாயமான காரணமாகத்தான் இருந்தது. ஈயக் குண்டை ஓட்டு அறையில் போட்டேன்.

செய்தியைச் சொல்ல அன்று முதல் முறையாக அவர்கள் வீட்டுப் படி ஏறினேன். குறுகலான மாடிப்படி. மேலே ஆரி சட்டங்களை ஓரமாகத் தள்ளி எனக்கு நாற்காலி போட்டார்கள். ஹபீப் பாய் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"பரவால்ல முதலாளி. நம்ம பேரு அப்டி கீது. நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்" என்றார்.

"அந்தப் பெரியவர் வெளிநாட்ல யார் கீறாங்கன்னு கேட்டாரு நைனா" என்றான் ஃபராஸ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "யார் போட்டாங்கன்னு பேசக் கூடாது பாய், கிளப்போட விதி" என்றேன். சுரேஷ்குமார் சார் பெயரை நான் எங்கேயும், யாரிடமும், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஹபீப் பாயின் மனைவி அமீனா பீ அதுவரை கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அப்போது வெளியே வந்து, "எங்க புள்ளைக்காவ இவ்ளோ பாடுபட்டீங்களே, இருந்து சாப்ட்டுப் போங்கண்ணே" என்றார். பாயும், "ஆமாண்ணே, கைய கழுவுங்க" என்றார். படி ஏறும்போது முதலாளியாக இருந்தவன் இறங்கும்போது அண்ணனாகிவிட்டேன். குஸ்காவும் தால்சாவும். சிம்ரா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தால்சாவிலிருந்து எலும்பு இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். புஷ்பம் போன பிறகு என் தட்டை ஒருவர் அப்படிக் கவனித்தது அன்றைக்குத்தான். எனக்குக் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடம் நிச்சயமாகப் பித்தளையைத்தான் போடுவது என்று இருந்தேன். போடவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் முன்மொழிந்து நான்தான் எழுந்து பேசினேன். நன்றாகப் பேசுவேன் என்று பெயர் வாங்கினேன். திறமைக்குப் பெயரும் ஊரும் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னபோது வழிமொழிந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நடிக்கவில்லை. பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் பேசினேன். துணிக்குள் கை போன பிறகுதான் எனக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

அவன் ஏன் வேறு கிளப்புக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். நான்தான் போக விடவில்லை. "இங்க வேண்டாம்னு சொன்னதும் வேற எடத்துக்குப் போனா, அவங்க செஞ்சது சரின்னு ஆயிரும் தம்பி. நம்ம உரிமைய நாமளே விட்டுக் குடுக்கலாமா?" என்றேன். அவனுக்கு ரோஷம் அதிகம். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொன்னா சரி அங்கிள்" என்றான்.

இதற்கிடையில் கிளப்பில் சுரேஷ்குமார் சாரோடு யாரும் ஒட்டவில்லை. சொல்லிவைத்துச் செய்ததில்லை. அவர் டீ மேசைக்கு வந்தால் ஒருவருக்குப் போன் வரும், இன்னொருவருக்கு லேனில் வேலை இருக்கும். மனுஷன் தனியாக பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். சில நாள் நான் போய் எதிரே உட்காருவேன். அதற்கும் எனக்குத்தான் பெருந்தன்மைப் பட்டம் கிடைத்தது.

ஒரு நாள் அவர் இந்த மாடிக்கே ஏறி வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தனபாலன், நான் போடலை. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன் சார்."

இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ மத்தவங்ககிட்ட நீங்க சொல்லுங்களேன். உங்க பேச்சைக் கேப்பாங்க" என்றார். நான் யோசிப்பது போல இருந்துவிட்டு, "நான் சொன்னா உங்களுக்குப் பரிஞ்சு பேசற மாதிரி ஆயிரும் சார். இன்னும் மோசமா நெனைப்பாங்க. விட்டுருங்க, தானா அடங்கிரும்" என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது.

அடுத்து வந்தது ஜூனியர் பிரிவில் ஃபராஸுக்குக் கடைசி வருடம். பெட்டியில் மறுபடியும் ஈயக் குண்டு. அதற்கடுத்த ஞாயிறு மதியம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஹபீப் பாய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகம் இறுகியிருந்தது. சுரேஷ்குமார் சார் படி ஏறி வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"பாய், திருவள்ளூர் பக்கம் என் நண்பர் ஒரு கிளப் நடத்துறார். பேசிட்டேன். இந்த மாசமே பையனைச் சேத்துக்குவாங்க, போட்டிக்கு நேரம் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஹபீப் பாய் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "நீங்க செஞ்சது போதும் சார். எங்களுக்கு தனபாலண்ணன் கீறாரு, அவரு பாத்துக்குவாரு" என்றார். சுரேஷ்குமார் சார் அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். பாயில் சம்மணம் போட்டு, கையில் சோற்றோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'கூட்டிட்டுப் போகட்டும் பாய்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பையனின் வாழ்க்கை வேறு. நான் சொல்லவில்லை. கதவு மூடியது. "சோறு ஆறுது, சாப்புடுங்கண்ணே" என்றார் அமீனா பீ. நான் சாப்பிட்டேன்.

இவ்வளவு நேரமாக உட்கார்ந்து கேட்கிறீர்கள். தண்ணீர் அந்தக் கூஜாவில் இருக்கிறது.

ரயில்வேயில் ஆள் எடுத்தார்கள். போட்டிச் சான்றிதழ் இல்லாததால் ஃபராஸை உள்ளேயே விடவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில், நம் கிளப்புக்குப் பின் தெருவில் இருக்கிற ஒரு பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னோடு வந்து சுடுவான். விரல் இடுக்கில் கிரீஸ் போகாமல் இருக்கும். அப்போதும் அந்தக் கிளப்பில் அவனை அடிக்க ஆள் இல்லை.

போன வருடம் சுரேஷ்குமார் சாருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளப்பிலிருந்து போய்ப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். குரல் போய்விட்டிருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அந்தப் பையனை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. நான் இல்லைன்னு அவன்கிட்ட சொல்லிட்டாப் போதும்."

கூட்டி வருகிறேன் என்றேன். ஃபராஸிடம் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது, "சொன்னேன் சார், வர மாட்டேங்கிறான்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. நான்தான் துடைத்துவிட்டேன். மேடம், பெட்டியில் போட்ட குண்டுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் வைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நேரில் பேசிவிட்டால் யார் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயம். அவ்வளவுதான். சாகப்போகிறவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு, கீழே வந்து காபி குடித்தேன்.

அவர் போய்விட்டார். அவர் இடம் கமிட்டியில் காலியாகவே இருந்தது. இந்த வருடம் ஃபராஸ் பெயரை மறுபடியும் முன்மொழிந்தபோது, இனித் தடை ஏது என்று எல்லோரும் வெளிப்படையாகவே பேசினார்கள். நீங்கள்கூட இனிப்புக்குச் சொல்லி வைத்திருந்தீர்கள். நானும் முடிவு செய்துவிட்டேன். இந்த முறை பித்தளைதான். ஜூனியர் போனால் என்ன, சீனியர் பிரிவில் சுடட்டும். சத்தியமாக அந்த முடிவோடுதான் கார் ஏறினேன்.

வழியில் ஃபராஸ் குஷியாக இருந்தான். "அங்கிள், இது முடிஞ்சா உங்களுக்கு விடுதலை. பட்டறை பக்கத்துலயே கீது, வேலை முடிச்சிட்டு நானே நடந்து வந்து சுட்டுக்குவேன். இத்தினி வருசமா எனக்காவ வண்டி ஓட்டிக்கினு இருந்தீங்க. இனிமே ஞாயித்துக்கெழம நல்லா தூங்குங்க" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். நான் சிரித்தேன்கூட.

என் கை தானாகச் செய்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. துணிக்குள் இரண்டையும் தடவிப் பார்த்தேன். கூட்டின் விளிம்பு விரலில் பட்டது. எது எது என்று தெரிந்துதான் போட்டேன். பெட்டியைத் திறந்ததும் உங்கள் முகம் வெளுத்தது ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் முதலில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. இறந்தவர் ஓட்டுப் போட்டிருப்பார் என்றுகூட நம்பியிருப்பார்கள் போலிருக்கிறது.

ஹபீப் பாய்க்கு விஷயம் உடனே புரிந்தது. "அப்டீன்னா அந்த மனுசன் இல்லியேண்ணே. வீடு தேடி வந்தவர வாசல்ல நிக்க வச்சித் திருப்பி அனுப்பிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மன்னிப்புக் கேட்காமல் தூங்க முடியாது, அவர் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. பாயையும் ஃபராஸையும் ஏற்றிக்கொண்டு அடையாறு போனேன்.

சுரேஷ்குமார் சாரின் மகள் கீர்த்தி கதவைத் திறந்தாள். பாய் அவள் காலில் விழப்போனார். அவள் தடுத்து உட்கார வைத்தாள். ஃபராஸைப் பார்த்து, கோபம் இல்லாமல்தான் கேட்டாள்.

"நீங்கதான் ஃபராஸா? அப்பா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தார். சொல்லி அனுப்பியும் நீங்க வரலையே. ஒரு தடவை வந்திருக்கலாம்."

"என்னிய யாரும் கூப்டலையேக்கா" என்றான் ஃபராஸ். "யார்கிட்ட சொல்லி அனுப்புனாரு?"

கீர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவனும் பார்த்தான். குறி வைக்கும்போது அவன் கண்ணைப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, அழுதுகொண்டே இருந்தார். திரும்பும்போது மயிலாப்பூர் சிக்னலில் கார் நின்றதும் ஃபராஸ் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வழக்கம்போல அவர்கள் தெருவில் போய் நின்றேன். அவன் கீழே வந்தான். ஹரியின் ரைஃபிளைப் பெட்டியோடு பின் சீட்டில் வைத்தான்.

"எல்லா வருசமும் நீங்கதானா அங்கிள்?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லல" என்றான். "சொன்னா, உங்களுக்குச் சோறு போட்ட கைய பாத்துப் பாத்து அழுவும்."

அவன் கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆமாம், எல்லா வருடமும் நான்தான். அந்தப் பையனின் வேலையை, ஹபீப் பாயின் நிம்மதியை, சுரேஷ்குமார் சாரின் பெயரை, மூன்றையும் நான்தான் எடுத்தேன். யார் தூண்டியும் இல்லை. கமிட்டியிலிருந்து என்னை நீக்குங்கள், கிளப்பை விட்டே அனுப்புங்கள், அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். நான் மறுக்க மாட்டேன். அமீனா பீ மட்டும் விஷயம் தெரியாமல் போன் செய்துகொண்டிருக்கிறார், ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று. அந்த போனை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனை அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் அவன் பெயர் மறுபடியும் வர வேண்டும். விதிப்படி என்னைத் தவிர வேறு யாரும் அவனை முன்மொழிய முடியாது. அந்த விதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள், மேடம். அவனுக்கென்று எழுந்து பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?